உளவளத்துணையும் திருநரும்: ஒரு வரலாற்று நோக்கு

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்களிடையே வேரூன்றிய சொற்களுள் ஒன்று ‘உளவளத்துணை’. 1980களின் பிற்பகுதியில் இங்கு தோன்றிய சாந்திகம் போன்ற நிறுவனங்களும், பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரமும், அவருடன் பணியாற்றியோரும் ஓர் உண்மையை நமது சமுதாயத்துக்கு உணர்த்தினர். உள்ளத்திற் பட்ட காயத்தை மருந்து மட்டும் ஆற்றிவிடாது; செவிமடுக்கப் பயின்ற ஒருவரும், ஒத்த துயருடையோரின் கூட்டும் அதற்கு வேண்டும் என்பதே அவ்வுண்மை. ஷெல்வீச்சிற் பிள்ளையை இழந்த தாய்க்கும், ஊரைவிட்டுப் பெயர்ந்த முதியவருக்கும் இத்துணை தேவை என்பதனை நாம் ஏற்றுக்கொண்டோம். ஆயின், நம்மிடையே பிறந்து நம்மிடையே வாழும் திருநருக்கும் அது தேவை என்பதனை ஏற்றுக்கொண்டோமா? இவ்வினாவுக்கு விடை காண, வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பிறப்பில் தமக்குக் குறிக்கப்பட்ட பாலுக்கும் தாம் உணரும் பாலுக்கும் வேறுபாடு உடையோரே திருநர். இவர்களை அண்மைக்கால மேலைநாட்டு இறக்குமதி எனக் கூறுவோர் தமிழ் நூல்களைப் புரட்டிப் பாராதோர் ஆவர். தொல்காப்பியச் சொல்லதிகாரம் இத்தகையோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையின்பாற்படுத்தி, அவற்றுக்குரிய வினைமுடிபையும் வகுத்துள்ளது. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடலுள் பேடும் ஒன்று. எனினும், இலக்கணம் இடந்தந்தமையால் வாழ்க்கையும் இடந்தந்தது எனக் கொள்ளலாகாது. மகனுக்குச் சொத்தும் மகளுக்குச் சீதனமும் எனக் கணக்கிட்ட நிலமானியக் குடும்பத்தில், இவ்விரு கணக்கிலும் அடங்காதவருக்குப் பங்கில்லை. பங்கற்றவர் வீட்டைவிட்டு வெளியேறினர். வெளியேறியோர் தம்முள் ஒன்றுகூடினர்.

தமிழ்நாட்டில் மூத்த திருநங்கையொருவர் இளையவரை மகளாக ஏற்று, உணவும் உறைவிடமும் தந்து காக்கும் வழக்கம் இவ்வாறே நிலைபெற்றது. ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ (2005), லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ (2007) ஆகிய நூல்களைப் படிப்போர் அக்கூட்டுவாழ்வின் அரவணைப்பையும் அதனுள் நிலவிய கடுமையையும் ஒருங்கே அறிவர். இன்று ‘ஆதரவுக் குழு’ எனப் பெயர் சூட்டி நாம் புதுமையாகப் பேசுவதனை, கைவிடப்பட்ட அம்மக்கள் தமது தேவையினின்றும் முன்னரே உருவாக்கியிருந்தனர்.

இக்கூட்டுவாழ்வைக் குற்றமாக நோக்கியது அந்நிய ஆட்சி. இந்தியாவில் 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரையினர் சட்டம், தனியொரு பகுதியினால் இவர்களிற் பலரைப் பொலிஸ் பதிவேட்டில் அடைத்தது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 365, 365அ ஆகிய பிரிவுகளால் ஒருபாற் கூட்டுறவைத் தண்டனைக்குரியதாக்கிற்று. 1995இல் 365அ திருத்தப்பட்டபோது, அது நீக்கப்படாது பெண்களையும் உள்ளடக்குமாறு விரிவாக்கப்பட்டது. ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவு திருநருக்கெதிராகப் பிரயோகிக்கப்பட்டமையும் உண்டு. சட்டத்துக்கு அஞ்சி மறைந்து வாழ்பவர், உதவி தேடி ஒரு கதவைத் தட்டுவதற்கும் அஞ்சுவர். ஆளுவோர் அன்று எழுதிய ஒரு வரி, இன்று வைத்தியரின் வாயிலிலும் தடையாக நிற்கின்றது.

மருத்துவமோ இருவேறு பாதைகளில் நடந்தது. 1919இல் பேர்லினில் மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் வைத்தியர் பாலியல் ஆய்வு நிலையமொன்றை நிறுவினார். திருநர் அங்கே சிகிச்சை பெற்றனர். வேலையின்றித் தவித்த சிலருக்கு அந்நிலையத்திலேயே தொழிலும் தங்குமிடமும் கிடைத்தன. வைத்தியமும் தோழமையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. 1933 மே மாதத்தில் நாசிகள் அந்நிலையத்தைச் சூறையாடி, அதன் நூல்களைத் தெருவிலிட்டு எரித்தனர். தொழிற்சங்கங்களை நசுக்கிய அதே மாதத்தில், அதே கைகளே இதனையும் செய்தன என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

மற்றைய பாதை, திருநரை நோயாளராகக் கருதி ‘மாற்ற’ முயன்றது. நெடுங்காலம் நீடித்த இக்கருத்தை உலக சுகாதார நிறுவனமே கைவிட்டுவிட்டது. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த அதன் பதினோராவது நோய்வகைப்பாடு, திருநர் நிலையை உளநோய்களின் பட்டியலினின்றும் அகற்றியது. 2021 யூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையோரை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடைசெய்யுமாறு பணித்தார். தீர்ப்பு வழங்குமுன் தாமே உளவியலாளரொருவரிடம் அமர்ந்து இப்பொருளைக் கற்றார் அவர். கற்பிக்கும் தொழிலினராகிய நாம் அந்த அடக்கத்தை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டு ஒரு திருப்பம் நேர்ந்தது. சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் வெளியிட்ட சுற்றுநிருபங்களின்படி, உளமருத்துவ நிபுணர் வழங்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பாலைத் திருத்திக்கொள்ள வழி பிறந்தது. இது போராடிப் பெற்ற பயன் என்பதில் ஐயமில்லை. ஆனால், இதனுள் ஒரு முரண்பாடும் உண்டு. சான்றிதழைத் தருபவரும் துயரைக் கேட்பவரும் ஒருவரேயாயின், வந்தவர் மனந்திறந்து பேசுவாரா? ஐயங்களையும் அச்சங்களையும் மறைத்து, சான்றிதழுக்கு வேண்டியவற்றையே கூறுவார். வாயிற்காவலனிடம் எவரும் அழுவதில்லை. ஆகவே, சான்றிதழோடு தொடர்பற்ற உளவளத்துணையும், முன்சென்றோரின் கூட்டும் இன்றியமையாதன.

அத்துணை எவ்வாறு அமைதல் வேண்டும்? வந்தவர் ஏற்றுக்கொண்ட பெயரால் அவரை அழைத்தல். கூறியதனை வீட்டாருக்கும் ஊராருக்கும் வெளியிடாமை. சோர்வையும் அச்சத்தையும் ஆற்றுதல். முடிவுகளை அவரிடமே விட்டுவைத்தல். பெற்றோர் விரும்பின் அவர்களையும் அமர்த்திப் பேசுதல் என்பன அதன் அடிப்படைகள். ‘குணமாக்கித் தருகிறேன்’ என வாக்களிப்பவர், பட்டம் பெற்றவராயினும் பேயோட்டுபவராயினும், விலக்கப்பட வேண்டியவரே. கூட்டின் பணி இதனின்றும் வேறு. எந்த அலுவலகத்தில் எந்தப் பத்திரம் கேட்பர், எந்த வைத்தியர் முகஞ்சுளியார், வீட்டினின்றும் துரத்தப்பட்ட இரவில் எங்கே தங்கலாம் என்பனவற்றை அவ்வழியே நடந்தவர்தாம் அறிவர்.

ஒவ்வொருவரையும் ஒவ்வொருவர் அறிந்த குடாநாட்டுக் கிராமங்களில் இரகசியம் காப்பது எளிதன்று. பட்டணத்துக்கு ஓடுவோருக்கு வறுமை காத்திருக்கின்றது. இந்நிலையிலும் யாழ்ப்பாணத்துத் திருநர் தமக்கென வலையமைப்பொன்றைத் தாமே அமைத்துக்கொண்டனர். 2022 யூனில் யாழ். நகர வீதியில் அவர்களும் தோழமை கொண்டோரும் பகிரங்கமாக ஊர்வலம் சென்றனர். 2023 மே மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம், 365, 365அ பிரிவுகளைத் திருத்த முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று எனத் தீர்மானித்தது. வரலாறு நகர்கின்றது, ஆனால் அது தானாக நகர்வதில்லை.

நம் பாடசாலைகளில் வழிகாட்டலுக்கும் ஆலோசனைக்குமென ஆசிரியர் உளர். நடையையும் குரலையும் சுட்டி வகுப்பறை சிரிக்கும்போது, அச்சிரிப்பை நிறுத்துவதா, அதனோடு சேர்ந்துகொள்வதா என்பதே அவர்களுக்கும் நமக்கும் முன்னுள்ள முதற் சோதனை. படிப்பைக் கைவிட்டு மறையும் மாணவன் பின்னொருநாள் தேடப்போகும் உளவளத்துணையின் முதற் சொல், நம் வாயினின்றும் இன்றே பிறத்தல் கூடும். போரின் வடுக்களை ஆற்றக் கற்ற மண், தான் ஏற்படுத்திய வடுக்களையும் ஆற்றக் கடமைப்பட்டுள்ளது.