தொண்ணூற்றிரண்டு முக்கோணங்கள்

ஹெர்ன்ஹூட் நட்சத்திரத்தை முதல்முறை பார்ப்பவருக்கு அது நட்சத்திரமாகவே தெரியாது, முள்ளம்பன்றியாகத்தான் தெரியும். நம்மூர் கிறிஸ்துமஸ் ஸ்டார் மாதிரி ஐந்து முனை இல்லை. எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் 25 கூர்முனைகள், நடுவில் ஒரு விளக்கு. ஜெர்மனியின் கிழக்கோரத்தில், போலந்தும் செக் நாடும் எட்டிப் பார்க்கும் தூரத்தில் ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. டிசம்பர் வந்தால் அந்த ஊர்ப்பெயரைச் சுமந்தபடி இந்தத் தாள் நட்சத்திரம் தேவாலயங்களிலும் வீட்டு வாசல்களிலும் தொங்கும். பார்க்க அழகுதான். ஆனால் இதை யாரும் அழகுக்காக வடிவமைக்கவில்லை. இது ஒரு கணக்கு வகுப்புப் பயிற்சி.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம், எனக்கு அதில்தான் ஆசை. நட்சத்திரத்துக்குள் ஒளிந்திருப்பது 26 முகங்கள் கொண்ட ஒரு திண்மம்: 18 சதுரங்கள், 8 முக்கோணங்கள். ராம்பிகியூபாக்டஹீட்ரன் என்று வாயில் நுழையாத பெயர். நேப்பிள்ஸ் நகரில், கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில், கணிதவியலாளர் லூக்கா பச்சோலியின் ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் கண்ணாடியால் செய்த இதே வடிவம், பாதி தண்ணீரோடு, ஒரு கயிற்றில் தொங்குகிறது. கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிய மாதிரியே இருக்கும்.

இந்தத் திண்மத்தின் ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு கூம்பை நிறுத்துங்கள். மேலே ஒரு சதுரத்தை மட்டும் விளக்குக்கும் கயிற்றுக்கும் விட்டுவிடுங்கள். சதுரத்தின் மேல் நிற்கும் கூம்புகள் 17, முக்கோணத்தின் மேல் நிற்பவை 8. சதுரக் கூம்புக்கு நான்கு ஒல்லி முக்கோணங்கள், மற்றதுக்கு மூன்று. மொத்தம் 92 முக்கோணங்கள். நடுவில் எட்டு சதுரக் கூம்புகள் ஒட்டியாணம் போலச் சுற்றி வரும். அதற்கு மேலே சதுரமும் முக்கோணமும் மாறி மாறி எட்டு, உச்சியில் ஒன்று. கீழேயும் அப்படியே. எல்லா அடிவிளிம்பும் ஒரே நீளம் என்பதால் எந்தச் சதுரக் கூம்பையும் எந்தச் சதுர இடத்திலும் பொருத்தலாம். ஒரு பையன் கோணலாக வெட்டினால் அவனுடைய கூம்பு மட்டும் வீண், நட்சத்திரம் பிழைத்துக்கொள்ளும். இரண்டே இரண்டு அச்சுகள், 25 தடவை. எங்கள் தொழிலில் இதைச் செய்கிறவனுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

அந்தப் பையன்கள் யார் என்பதுதான் இந்தக் கதையில் கனமான பகுதி.

1722இல் மொராவியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த சிலருக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தவர் ட்சின்ட்சென்டார்ஃப் பிரபு. அப்படி உருவான ஊர் ஹெர்ன்ஹூட். பத்தே வருடத்தில், 1732இல், அங்கிருந்து மிஷனரிகள் கரீபியத் தீவான செயின்ட் தாமஸுக்குக் கிளம்பினார்கள். அடுத்த வருடம் கிரீன்லாந்து. பிறகு சூரினாம், தென்னாப்பிரிக்கா, லாப்ரடோர். தரங்கம்பாடிக்கும் 1760இல் வந்தார்கள். நிக்கோபார் தீவுகளுக்குப் போவது திட்டம், காய்ச்சல் பலரைக் கொண்டுபோனது. 19ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு அந்த முயற்சி முடிந்தும் போனது. நட்சத்திரம் அப்போது வந்திருக்கவில்லை. அதனால் நம் கடற்கரையில் அதை அவர்கள் தொங்கவிட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இந்த மிஷனரிகள் தங்கள் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே படிப்புக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நீஸ்கி என்ற ஊரில் சபையின் ஆண்பிள்ளைகள் விடுதிப்பள்ளி இருந்தது. லாப்ரடோருக்கு லண்டனிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு கப்பல். கடிதமும் அதில்தான், அரிசி பருப்பும் அதில்தான் என்று நம்மூர் வழக்கில் சொல்லலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பையனுக்குத் தெரியும்போது அம்மா குணமாகியிருப்பாள், அல்லது இறந்திருப்பாள். இதை வெறும் உருக்கமான கதையாகவும் சொல்லிவிட முடியாது. செயின்ட் தாமஸில் இதே சபை தோட்டம் வாங்கியது, தோட்டத்தோடு அடிமைகளையும் வைத்திருந்தது. அந்த அடிமைகளின் பிள்ளைகளை யாரும் ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பவில்லை.

இப்படிப்பட்ட விடுதியில், வடிவியலை விளங்க வைக்க ஓர் ஆசிரியர் பையன்களிடம் தாளைக் கொடுத்து நட்சத்திரம் செய்யச் சொன்னார் என்பது சபையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1821 ஜனவரியில் நீஸ்கிப் பள்ளியின் ஐம்பதாவது ஆண்டுவிழாவுக்கு 110 முனை நட்சத்திரம் ஒன்றை ஏற்றித் தொங்கவிட்டார்கள். பல்பு கண்டுபிடிக்காத காலம், தாளுக்குள் நெருப்பு. யாரோ ஒரு பெரியவர் கீழே வாளித் தண்ணீரோடு நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். போகப்போக, அட்வெண்ட் காலத்தின் முதல் ஞாயிறன்று நட்சத்திரம் கட்டுவது விடுதிப் பழக்கமாகி, பையன்களோடு அவர்கள் வீடுகளுக்கும் போனது. ஒட்டி முடிக்க ஒரு மாலை முழுக்க வேண்டும், தனியாகச் செய்தால் சலித்துப்போகும். வீட்டு ஞாபகம் பிடுங்கும் டிசம்பர் மாலையில் ஐம்பது கைகளுக்கு வேலை வைக்கிற கணக்கு இது. அந்த ஆசிரியருக்கு வடிவியல் மட்டும்தான் நோக்கம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

"மலிவான தாள்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். 1821இல் தாள் மலிவு இல்லை. அன்றைக்கு ஐரோப்பாவில் தாள் என்றால் கந்தல் துணியை ஊறவைத்து அரைத்துச் செய்தது. துணிக் கந்தலுக்கே தட்டுப்பாடு. மரத்தை அரைத்துக் கூழாக்கலாம் என்று 1840களில் செய்து காட்டியவர் ஃப்ரீட்ரிஷ் கொட்லோப் கெல்லர் என்ற நெசவாளர். ஹெர்ன்ஹூட் இருக்கும் அதே சாக்சனிக்காரர். தொழிலை நடத்தப் பணம் இல்லாமல் உரிமையை விற்றுவிட்டார், லாபம் வேறு ஆட்களுக்குப் போனது. மரக்கூழ்த் தாள் பரவிய பிறகுதான் செய்தித்தாள் எல்லா வீட்டுக்கும் வந்தது, நோட்டுப் புத்தகம் வந்தது, அலங்காரத் தாளும் வந்தது. நட்சத்திரம் விடுதியை விட்டு வெளியே வந்து கடைச்சரக்கான காலமும் அதுதான் என்பதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

கடைக்குக் கொண்டுவந்தவர் பீட்டர் ஹெண்ட்ரிக் ஃபெர்பேக். அதே சபைக்காரர், 1880களின் வாக்கில் நட்சத்திரங்களையும் செய்முறையையும் விற்க ஆரம்பித்தார். 1897இல் பூட்டிக் கழற்றக்கூடிய நட்சத்திரம் வந்தது: துளையிட்ட உலோக உடல், அதில் செருகும் தாள் முனைகள். 1925இல் அந்த உலோக உடலும் போய், முனைகளே ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், தொழிற்சாலை வந்தும் தாள் நட்சத்திரம் முழுசாக விற்கப்படவில்லை. இன்றும் 17 சதுர முனை, 8 முக்கோண முனை, இணைக்கும் ஊசிகள், ஒரு செய்முறைத் தாள் என்று பெட்டியில் வருகிறது. வீட்டில் உட்கார்ந்து நீங்களேதான் பூட்ட வேண்டும். ஜனவரியில் கழற்றினால் முனைகள் ஐஸ்கிரீம் கூம்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று அடங்கிப் பெட்டிக்குள் போய்விடும்.

தாளை வைத்துக் கணக்கு சொல்லித்தரும் யோசனை நீஸ்கியோடு நிற்கவில்லை. கிண்டர்கார்டன் என்ற சொல்லையே தந்த ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல், பிறந்த ஒன்பதாம் மாதத்தில் தாயை இழந்தவர், தாள் மடிப்பதைக் குழந்தைகளின் வேலைகளில் ஒன்றாக வைத்தார். நான்கு தாள் பட்டைகளைப் பின்னி மடிக்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஜெர்மனியில் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் கிண்டர்கார்டன் தாள்கட்டு ஒன்று மெட்ராஸுக்கு வந்தது. வருவாய்த் துறையில் வேலை பார்த்த டி. சுந்தரராவ் கையில் அது கிடைத்து, 1893இல் தாள் மடிப்பு வடிவியல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக மெட்ராஸிலேயே அச்சானது. ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைத் தன் நூலில் குறிப்பிட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. குழந்தை விளையாட்டாகக் கப்பலேறிய தாள், கணிதமாகத் திரும்பிப் போயிருக்கிறது. சுந்தரராவுக்கு ஒரு தெருப் பெயராவது வைத்திருக்கலாம்.

நம்மூர் ஸ்டாருக்கு இப்படி ஒரு ஃபெர்பேக் கிடைக்கவில்லை. மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் வைத்துத் தெருப்பசங்க கட்டிய ஸ்டாரைச் சொல்கிறேன். ஃபிலிப்பைன்ஸில் பரோல் என்று இதற்குக் கிட்டத்தட்ட இரட்டைப்பிறவி ஒன்று உண்டு. அங்கே அதற்குப் போட்டி, திருவிழா, பெருமை எல்லாம் இருக்கிறது. இங்கே கை பார்த்துக் கை கற்றது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் கட்டிய அண்ணன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கடையில் மடித்து வைத்த அட்டை ஸ்டார் கிடைக்கிறது, பிரித்து மாட்டினால் போதும். அதைக் குறை சொல்லவில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் செய்முறைத் தாள் இல்லாததற்காக ஒன்று மறைய வேண்டாமே. எனவே:

இரண்டடி நீளத்தில், சுண்டுவிரலில் பாதி தடிமனுக்குச் சீவிய 10 மூங்கில் குச்சிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலிருந்தும் ஒன்பது அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாக அளந்து குறி போடுங்கள். ஐந்து குச்சிகளை ஸ்டாராகப் பரப்பி, குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வைத்தால் வடிவம் தானாக நேராகிவிடும். ஐந்து முனைகளையும் ஐந்து குறுக்குகளையும் நூலால் கட்டுங்கள். மற்ற ஐந்திலும் இதே. இரண்டு ஸ்டாரையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிமுனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். உள்குறுக்குகளில் நான்கு அங்குலக் குட்டைக் குச்சிகள் ஐந்தை இரண்டு ஸ்டாருக்கும் நடுவில் நிறுத்திக் கட்டினால் வயிறு உப்பும். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை, கலர் பேப்பர். பின்பக்கத்து நடு ஐங்கோணத்தை ஒட்டாமல் விடுங்கள், சீரோ வாட்ஸ் பல்பு அதன் வழியாகத்தான் உள்ளே போகும்.