புல்லட் ரோட்டைப் பிடித்த கதை

எங்கள் ஊத்துக்கோட்டையில் பைக் பற்றிப் பேச்சு வந்தால் கேட்பது இரண்டே கேள்விதான். மைலேஜ் எவ்வளவு? பிக்கப் எப்படி? வளைவில் எப்படி நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் பெரியபாளையம் ரோட்டில் ஒரு வளைவில் சித்தப்பாவின் பழைய வண்டி பின்பக்கம் ஆட்டம் காட்டியபோதுதான் எனக்கே அந்தக் கேள்வி வந்தது. (தப்பு வண்டி மேல் இல்லை, மாதக்கணக்கில் காற்று பார்க்காத என் மேல்தான்!) அதைத் தேடப் போனதில் கிடைத்த கதை இது.

1940கள் வரை பெரும்பாலான பைக்குகளில் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். குழியில் இறங்கி ஏறினால் டயர் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத டயரால் பிரேக்கும் பிடிக்க முடியாது, வளையவும் முடியாது. ஆக, சஸ்பென்ஷன் என்பது இடுப்புவலிக்கு மட்டும் மருந்தல்ல. டயரைத் தரையோடு வைத்திருப்பதும் அதன் வேலை.

இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1948ல் புதிய புல்லட்டின் பின் சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் மாட்டியது. ஒரு முனையில் கீல் வைத்து, மேலும் கீழும் அசையும் கை அது. அதே வருடம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் புல்லட்டும் ஓடியது. நம் ராணுவமும் எல்லையில் ரோந்து போக அதையே வாங்கியது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. நமக்குப் பக்கத்திலேயே, திருவொற்றியூரில் தொழிற்சாலை!

ஆனால் சக்கரம் அசைந்தால் மட்டும் போதாது, சட்டம் முறுக்கிக்கொள்ளவும் கூடாது. முறுக்கினால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது. பெல்ஃபாஸ்ட்டின் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்கள் இரட்டைக் குழாயை எஞ்சினைச் சுற்றி வளைத்து நார்ட்டனுக்கு ஒரு சட்டம் செய்தார்கள். 1950ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தில் முதல் மூன்று இடமும் அந்த வண்டிகளுக்கே. மெத்தையில் போவது போல இருக்கிறது என்று ஒரு வீரர் சொல்ல, 'ஃபெதர்பெட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நம்ம புல்லட்டோ பல பத்தாண்டுகள் ஒற்றைக் குழாயிலேயே ஓடியது. முன்னால் இறங்கும் குழாய் எஞ்சினோடு முடிந்துவிடும், கீழ்ப்பக்கம் எஞ்சின்தான் பாலம். நிதானமாகப் போகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 2013ல் வந்த கான்டினென்டல் ஜிடிக்கு இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் உதவியுடன் இரட்டைக் குழாய் சட்டம் கிடைத்தது. 2015ல் ஹாரிஸையே என்ஃபீல்டு வாங்கிவிட்டது. புல்லட் 350க்குப் புதிய சட்டம் வர 2023 ஆனது.

இத்தனை பேர் இத்தனை வருடம் உழைத்ததெல்லாம் கடைசியில் உள்ளங்கை அளவு ரப்பர் தரையைத் தொடும் இடத்துக்காகத்தான். அங்கே காற்று குறைந்தால் எந்தச் சட்டமும் காப்பாற்றாது. இதைப் படித்து முடித்ததும் கீழே போய் உங்கள் டயரை ஒருமுறை அமுக்கிப் பாருங்களேன்!