செம்பும் இரும்பும் நம் கடலும்

 

போட் வாங்கும்போது என்ஜினைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். போல்ட்டைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. பளபளப்பதைப் பார்த்து வாங்கிப் பூட்டிவிடுகிறோம். அந்தச் சின்னப் போல்ட்டுக்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் நம் திருகோணமலைக் கடலும் வருகிறது.

முன்பு இந்து சமுத்திரத்தில் ஓடிய மரக்கலங்கள் பலவற்றில் ஆணியே இல்லை. பலகைகளைத் துளைத்துத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். நூஹ் நபியின் கப்பலைப் பற்றிய வசனத்தில் (54:13) வரும் 'துஸுர்' என்ற சொல்லுக்கு ஆணி என்றும், பலகையைப் பிணைக்கும் நார்க்கயிறு என்றும் பொருள் சொல்வார்கள். கயிறு உக்கும். ஆனால் கறள் பிடிக்காது.

ஐரோப்பியரின் கப்பல்களில் இரும்பு ஆணிகள் இருந்தன. வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் புழுவும், அடியில் ஒட்டும் சிப்பியும் அவர்களைப் படாதபாடு படுத்தின. 1761இல் பிரித்தானியக் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபின் 1763இல் பரிசோதித்தார்கள். செம்பு மரத்தைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த கடதாசி இடையில் அகப்பட்டிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் தப்பியிருந்தன.

காரணம் இதுதான். உப்புநீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு பற்றரி ஆகிவிடும். இரண்டில் தாக்குதிறன் கூடிய உலோகம் கரையும். செம்போடு சேர்ந்தால் இரும்பு கரையும். கடதாசி அந்தத் தொடுகையைத் தடுத்தது.

ஆனாலும் செம்பு தந்த வேகத்தை யாரும் கைவிட விரும்பவில்லை. 1782 செப்டம்பர் 3ஆம் திகதி திருகோணமலைக்கு வெளியே ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் சுஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. பிரெஞ்சு அணியில் சிலவற்றுக்குச் செம்புத் தகடு இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. அதனால் ஒரே வேகத்தில் ஓடுவது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ஆங்கிலேயர் இரும்பு ஆணியை விட்டு, கெட்டிப்படுத்திய செம்பு ஆணிக்கு மாறினார்கள்.

1824இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி செம்பில் சிறு நாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். நாகம் தான் கரைந்து செம்பைக் காத்தது. செம்பு கரையாததால் சிப்பி மறுபடி ஒட்டியது. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. ஆனால் அதே யோசனைதான் இன்று நம் என்ஜின் காலில் இருக்கும் நாகக் கட்டி.

இதற்கு முன்பே ஜோன் ஷாங்க் என்ற கடற்படை அதிகாரி, தூக்கி இறக்கும் அடிப்பலகையைப் பாய்க்கப்பல்களுக்குப் பொருத்தினார். ஆழத்தில் இறக்கினால் கப்பல் பக்கவாட்டில் அதிகம் இழுபடாது. மகாவலி மணலைக் கொண்டுவந்து சேர்க்கும் நம் கரை போன்ற இடங்களில் தூக்கிவிடலாம். இன்றைய பாய்ப்படகுகள் சிலவற்றில் அந்தப் பலகை முழுவதும் ஒரே அச்சாணியில் தொங்குகிறது. அது எப்போதும் தண்ணீருக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். அறுந்தால்தான் தெரியும்.

பாய்ப்படகோ பைபர் போட்டோ, நீருக்குள் இருக்கும் இரும்புச் சாமான்களுக்கு விதி ஒன்றுதான்:

• முடிந்தவரை ஒரே உலோகம் போடுங்கள். வேறு உலோகம் தவிர்க்க முடியாவிட்டால் இடையில் நைலோன் வொஷர் வையுங்கள்.

• பித்தளை வேண்டாம். அதிலுள்ள நாகம் கரைந்து, செம்பு பஞ்சுபோல் மிஞ்சும். வெண்கலம் நல்லது.

• ஸ்டெயின்லெஸ் என்றால் 316 என்று கேட்டு வாங்குங்கள். காற்றுப் படாத இடுக்கிலும் சேற்றிலும் அதுவும் அரிக்கும். ஆனால் சாதாரண 304ஐவிடத் தாங்கும்.

• நாகக் கட்டிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள்.

• வருடம் ஒருமுறையாவது போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

சாதாரணதரம் படிக்கும் பிள்ளைகளே, இரண்டு இரும்பாணிகளை எடுத்து, ஒன்றில் செம்புக் கம்பியைச் சுற்றி, இரண்டையும் தனித்தனியே உப்புநீரில் போட்டுவையுங்கள். சில நாளில் எது கூடக் கறள் பிடித்திருக்கிறது என்று கடலுக்குப் போகும் வாப்பாவிடம், அப்பாவிடம் காட்டுங்கள்.