புதுக்கோட்டையும் தொடக்ககால ஒளிப்படக் கலையும்: லின்னேயஸ் டிரைப்பின் படங்கள் சான்றாகும் முறை

முன்னுரை

1839ஆம் ஆண்டில் தாகேரின் ஒளிப்பட முறை பாரிசில் வெளியிடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் புதுக்கோட்டைக்கெனத் தனி ஒளிப்படத் தொகுப்பொன்று உருவாயிற்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்கள் அவை. அவற்றைச் சான்றாகக் கொள்வோர் அக்காலக் கேமராவின் எல்லைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

பயணமும் தொகுப்புகளும்

1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் டிரைப் தம் கருவிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிச் சென்றார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்புகளாயின. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே காட்சியாக இணைத்தார். ஹுல்ட்ஸ் 1886இல் அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்பதற்கு ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகளுக்கு முன்னரே இப்பதிவு நிகழ்ந்தது.

கருவியும் காட்சியும்

1851இல் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய கலவை உலர்வதற்குள் படமெடுத்து உருத்துலக்க வேண்டும். மெழுகிட்ட காகித நெகட்டிவையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்து உலர்ந்த நிலையில் எடுத்துச் செல்லலாம். நெடும் பயணத்துக்கு ஏற்ற இம்முறையையே டிரைப் பெரிய படங்களுக்குப் பெரிதும் கையாண்டார். எனினும், காகித நெகட்டிவுக்கு நெடுநேர ஒளிபாய்ச்சல் தேவைப்பட்டது. அசையாத கோபுரமும் கல்வெட்டும் தெளிவாகப் பதிந்தன. நடமாடும் மனிதர் பதியவில்லை.

சான்றின் எல்லைகள்

இதனால் மூன்று எச்சரிக்கைகள் பெறப்படுகின்றன. முதலாவது, படத்தில் வெறிச்சோடித் தோன்றும் தெருவைக் கொண்டு அவ்வூர் ஆளரவமற்றிருந்தது என முடிவு செய்தல் கூடாது. இரண்டாவது, டிரைப் தம் நெகட்டிவுகளில் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தும் இலைகளைத் தெளிவாக்கியும் உள்ளார். ஆகவே, அவ்வானத்தைக் கொண்டு அன்றைய வானிலையைக் கணித்தல் தவறாகும். மூன்றாவது, தொகுப்பின் தலைப்பிலுள்ள புதுக்கோட்டை என்பது தொண்டைமான் சமஸ்தானமாகும். கடற்கரையில்லாத அச்சமஸ்தானத்தில் மீமிசல் அடங்கவில்லை. 1974இல் உருவான இன்றைய மாவட்டத்தின் எல்லையை 1858ஆம் ஆண்டுப் படங்களின்மீது ஏற்றிப் பார்த்தல் பொருந்தாது.

முடிவுரை

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், செலவைக் காரணம் காட்டி இப்பணியை நிறுத்தினார். 1871இல் மேடாக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தகடும் 1888இல் வெளிவந்த கோடாக் கேமராவும் ஒளிப்படக் கலையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்க்க வழிவகுத்தன. அதற்கு முற்பட்ட காலத்தில் எது படமாகும் என்பதை அரசாணையும் வேதியியலும் சேர்ந்தே வரையறுத்தன. எனவே, டிரைப்பின் படங்கள் கட்டடக்கலைக்கும் கல்வெட்டியலுக்கும் வலுவான சான்றுகளாகும். அக்கால மக்கள் வாழ்வை அறிய வருவாய் ஆவணங்கள், கோயில் கணக்குகள், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றோடு அவற்றை ஒப்பிட்டு நோக்குதல் இன்றியமையாதது.