அடுப்புப் புகையும் நுரையீரல் நோயும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் கிராமங்களில் அடுப்பெரிக்க விறகு எளிதில் கிடைக்கிறது. பருத்தி எடுத்து முடிந்த பின் பிடுங்கும் பருத்திமாரும், தரிசு நிலங்களில் வளரும் சீமைக்கருவேலமும் இதற்குப் பயன்படுகின்றன. இவ்விறகிற்குப் பெரும்பாலும் செலவில்லை. ஆனால் பல ஆண்டுகள் இதன் புகையைச் சுவாசிப்பவருக்கு நுரையீரல் நிரந்தரமாகப் பழுதடையக்கூடும்.

புகை எவ்வாறு பாதிக்கிறது?

விறகு முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வாயுவும், 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள்களும் வெளிவருகின்றன. இத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. 2020 ஆம் ஆண்டில் வீட்டினுள் ஏற்பட்ட காற்று மாசினால் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஏற்படக்கூடிய நோய்கள்

• நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கும் வரும்)
• 5 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா
• இதய நோய், பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை

எரிவாயு இணைப்பு இருந்தும் விறகு எரிவது ஏன்?

தமிழ்நாட்டில் 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கப்பட்டது. ஆயினும் தேநீருக்கும் அவசரச் சமையலுக்கும் எரிவாயு, சோற்றிற்கும் வெந்நீருக்கும் விறகு என இரண்டையும் பயன்படுத்தும் வீடுகள் உள்ளன. மானாவாரி விவசாயத்தையும் தினக்கூலியையும் நம்பிய குடும்பத்திற்கு சிலிண்டர் தொகையை ஒரே தவணையில் புரட்டுவது கடினம். இது சமைக்கும் பெண்ணின் கவனக்குறைவு அன்று. எனவே சிலிண்டர் செலவை மருந்துச் செலவைப் போலவே கருதி, குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். புகை தொடரும் வரை மருந்தின் முழுப் பயன் கிடைக்காது.

நோயாளிகள் செய்ய வேண்டியவை

• புகைப்பழக்கம் உண்டா என மருத்துவர் கேட்டால், “இல்லை” என்பதுடன் நிறுத்தாமல், எத்தனை ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தீர்கள் என்பதையும் கூறுங்கள்.
• 2 வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்து, காசநோய் உள்ளதா என அறியுங்கள்.
• இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்று அஞ்சி நிறுத்தாதீர்கள்.

பராமரிப்பவர்கள் செய்ய வேண்டியவை

• எரிவாயு மானியம் வங்கிக் கணக்கில் சேர்கிறதா எனச் சரிபாருங்கள். மொத்தத் தொகை புரட்ட இயலாதோர் 5 கிலோ சிலிண்டர் குறித்து முகவரிடம் கேட்கலாம்.
• விறகு தவிர்க்க இயலாத நாளில், நன்கு காய்ந்த விறகை வீட்டிற்கு வெளியே எரியுங்கள். நோயாளி, கர்ப்பிணி, குழந்தை ஆகியோர் அருகில் இருக்கக் கூடாது.
• வெந்நீர் போடுதல், நெல் அவித்தல் போன்ற வேலைகளை நோயாளியிடம் விடாதீர்கள்.
• எரிவாயு கசிந்தால் ரெகுலேட்டரை அணைத்து, கதவு, சன்னல்களைத் திறந்து வெளியேறி, 1906 என்ற எண்ணை அழையுங்கள். மின் சுவிட்சுகளைத் தொடாதீர்கள்.

உடனடியாக 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

தொடர்ந்து பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலநிறமாதல், குழப்பம் அல்லது மயக்கம், குழந்தை மூச்சு விடும்போது விலா உள்வாங்குதல்.