மூலிகையை அறிந்தவர் யார்?

யாழ்ப்பாணத்துத் தமிழிலே ‘சரக்கு’ என்னும் சொல் இரண்டு இடங்களில் ஒருங்கே வழங்குகின்றது. அடுக்களையில் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் என்பன சரக்கு. பரியாரியாரின் மருந்துப் பெட்டியில் திப்பிலி, வேர்க்கொம்பு, ஓமம், வசம்பு என்பனவும் சரக்கே. பிள்ளை பெற்ற தாய்க்கு அரைத்துக் காய்ச்சும் கறியைச் ‘சரக்குக் கறி’ என்றே நம் பெண்கள் அழைப்பர். உணவுக்கும் மருந்துக்கும் இடையே நம் முன்னோர் மதில் எழுப்பவில்லை என்பதற்கு இச்சொல் ஒன்றே போதிய சான்றாகும்.

எனினும், இச்சரக்கின் வரலாறு எழுதப்பட்ட விதத்தை நோக்குவோமாயின் வேறொரு காட்சியையே காண்கின்றோம். முனிவர் அருளினர் என்று ஒரு சாராரும், மன்னர் ஆதரித்தனர் என்று இன்னொரு சாராரும், ஐரோப்பிய அறிஞர் கண்டறிந்தனர் என்று பிறிதொரு சாராரும் எழுதி வந்துள்ளனர். விதையூன்றி நீர் வார்த்தவர், காட்டிற் சென்று வேர் அகழ்ந்தவர், எந்த இலை எந்த நோய்க்கு என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்துணர்ந்தவர் ஆகியோருக்கு இவ்வரலாற்றில் இடமுண்டா? இக்கேள்வியை எழுப்பாது மூலிகையின் பெருமையைப் பேசுவது, உழுதவனை மறந்து நெல்லைப் புகழ்வதை ஒக்கும்.

வேலியும் கிணற்றடியும்

நம் ஊர்களிற் சிறு குடியானவனுக்கு மூலிகைக்கெனத் தனித் தோட்டம் வாய்ப்பது அரிது. நிலம் அவனுக்கு அவ்வளவு தாராளமாகக் கிடைத்ததில்லை. வேலியே அவனது மூலிகைத் தோட்டமாயிற்று. கால்நடைகள் எளிதில் வாய்வைக்காத ஆடாதோடை வேலிக்கு நன்கு பொருந்தியது. அதன்மேல் தூதுவளையும் முசுட்டையும் முடக்கொத்தானும் படர்ந்தன. கிணற்றடியில் வழிந்தோடிய நீர் வல்லாரையையும் பொன்னாங்காணியையும் வளர்த்தது. பாத்திரங் கழுவிய நீர் பாயும் இடத்திற் கறிவேப்பிலை நின்றது. முற்றத்தில் துளசியும் கற்பூரவள்ளியும் நின்றன. ஒரு துளி நீரும் ஒரு சாண் நிலமும் வீண் போகாத இவ்வேளாண்மையை வகுத்தவர் பெரும்பாலும் பெண்களே.

இவற்றை வளர்க்கும் முறையும் எளியது. ஆடாதோடையும் கற்பூரவள்ளியும் தடி முறித்து நட்டாலே தழைப்பன. வல்லாரை ஈரமுள்ள மண்ணிற் கணுக்கள்தோறும் வேரூன்றிப் பரவுவது. கறிவேப்பிலையின் வேரடியிற் கிளம்பும் கன்றைப் பெயர்த்து நட்டாற் போதும். இவை கடையில் விலைக்கு வாங்கப்பட்டவையல்ல. வேலிக்கு மேலாகக் கைமாறி வளர்ந்தவை. இருமலுக்கும் சளிக்கும் ஆடாதோடைக் குடிநீர், காய்ச்சலுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர், மூட்டு நோவுக்கு முடக்கொத்தான் இரசம், வயிற்றுப் பொருமலுக்கு ஓமம் என்று இவற்றின் பயன்களையும் அதே கைகளே கைமாற்றின.

இவையெல்லாம் பாமரரின் மூட நம்பிக்கை என்று எள்ளி நகையாடுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை ஆராய்ந்ததன் பயனாகவே புரோம்ஹெக்சின் என்ற சளி கரைக்கும் மருந்து உருவாயிற்று. 1963இல் அது மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று மருந்துக் கடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் அம்மருந்துக்கு வழிகாட்டியது வேலியோரத்து அறிவேயாகும்.

‘தூய பழமை’ என்னும் மாயை

மறுபுறம், நம் சரக்கு அனைத்தும் ஆதிகாலந்தொட்டு இம்மண்ணுக்கே உரியவை என்று முழங்குவோரும் உளர். வரலாறு இவர்களுக்கும் துணை நிற்கவில்லை. மிளகாய் இன்றி யாழ்ப்பாணத்துக் கறி இல்லை என்போம். ஆயின் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரின் கப்பல்களிலேயே அது நம் கரைகளை அடைந்தது. அதற்கு முன் உறைப்புக்கு நம்மவர் நம்பியிருந்தது மிளகையே. சங்கத் தமிழிற் ‘கறி’ என்னும் சொல்லே மிளகைக் குறித்தது. வந்த காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி ‘மிளகாய்’ என நம் மக்கள் பெயரிட்டனர். மல்லியும் சீரகமும்கூட மத்தியதரைக் கடற் பகுதியையும் மேற்காசியாவையும் தாயகமாகக் கொண்டவை.

இதனால் நமக்கு இழிவு யாதுமில்லை. எங்கிருந்து வந்த செடியாயினும் அதனை நட்டுப் பார்த்து, தின்று பார்த்து, தமதாக்கிக்கொண்ட மக்களின் திறந்த மனமே இதில் நாம் காண்பது. அம்மனத்திற் பழமைவாதிகளுக்கு இருக்கும் அச்சம் இருக்கவில்லை.

ஈழவ வைத்தியரும் ஒல்லாந்து ஏடும்

உழைப்பவனின் அறிவு ஆள்பவனின் நூலாக மாறிய கதைக்கு மலையாளக் கரையில் ஒரு சிறந்த சான்று உண்டு. 17ஆம் நூற்றாண்டிற் கொச்சியில் ஒல்லாந்தக் கம்பனியின் தளபதியாக இருந்தவர் வான் றீட். மருந்துகளைத் தூர தேசங்களிலிருந்து பெருஞ்செலவில் வருவிப்பதைவிட, காலடியில் வளரும் செடிகளை அறிந்து பயன்படுத்துவதே கம்பனிக்கு இலாபம் என்பதை அவர் உணர்ந்தார். அதன் விளைவே ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் 12 பாகங்கள் கொண்ட மாபெரும் நூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் அது இலத்தீனில் அச்சேறியது. ஏறத்தாழ 740 தாவரங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன.

இந்நூலுக்கு அறிவை வழங்கியோருள் முதன்மையானவர் சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். தம் குடும்பத்து ஏடுகளிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் அவர் சொன்னவை போர்த்துக்கேய மொழிக்கும், பின் இலத்தீனுக்கும் பெயர்க்கப்பட்டன. அவரும், இரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் ஆகிய கொங்கணிப் பிராமணர் மூவரும் 1675இல் அளித்த சான்றுரைகள் அந்நூலிலேயே இடம்பெற்றன. இதனை அக்காலத்தின் அரியதொரு நேர்மை என்றே கொள்ளலாம்.

ஆனால் நம் சமூகம் அவரை எவ்வாறு நடத்தியது? எந்த ஈழவரின் அறிவை ஐரோப்பாவின் தாவரவியலறிஞர் போற்றிப் பயின்றனரோ, அந்த ஈழவருக்குத் திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் 1936இல் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் பின்னரே திறந்தன. ஏறத்தாழ 260 ஆண்டுகள்! தீண்டத்தகாதவனின் கை தொட்ட மருந்து உடலுக்குள் செல்லலாம், அவன் மட்டும் கோயிலுக்குள் செல்லலாகாது என்ற முரண்பாட்டை எந்தச் சாத்திரம் விளக்கும்?

கறுவாவின் கண்ணீர்

நம் நாட்டின் கதை இதனினும் கசப்பானது. 1672ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் இங்குள்ள செடிகளைத் திரட்டி உலர்த்திச் சேகரித்தார். அச்சேகரிப்பை ஆராய்ந்தே சுவீடன் தேசத்து லின்னேயஸ் 1747இல் ‘புளோரா செய்லானிக்கா’ என்னும் நூலை வெளியிட்டார். சேகரிப்பு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது. ஹேர்மனின் பெயரை உலகம் அறியும். அவருக்கு முன்னே காட்டிற் சென்று, இது இன்ன செடி, இன்ன நோய்க்கு ஆவது என்று காட்டிய கிராமத்தவரின் பெயரை எவர் அறிவார்?

அறிவு போன வழியிலேயே உழைப்பும் போயிற்று. மருந்தும் மணமும் ஒருங்கே உடைய கறுவாவைப் பெறுதற்காகவே ஐரோப்பியர் இத்தீவின் கரையோரங்களைப் பிடித்துவைத்திருந்தனர் என்றால் அது மிகையன்று. காடுகளில் வளர்ந்த கறுவாவை உரித்துக் கொணரும் கடமை சலாகம சாதியார்மீது சுமத்தப்பட்டது. அவர்களின் ஆண்மக்கள் சிறு பிராயத்திலேயே பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். ஆளுக்கு இவ்வளவு பட்டை என்று அளவு விதிக்கப்பட்டது. கம்பனிக்குத் தெரியாமற் கறுவாவை உரித்தாலோ விற்றாலோ மரணம் வரை செல்லும் கொடுந் தண்டனைகள் காத்திருந்தன. தன் வளவிலே தானாக முளைத்த கறுவா மரமும் ஏழைக்கு உரியதன்று!

1769ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தத் தேசாதிபதி பால்க் என்பாரின் காலத்திற் கொழும்பு மருதானைப் பகுதியிற் கறுவா தோட்டப் பயிராக்கப்பட்டது. காட்டு மரம் தோட்ட மரமாயிற்று. உரிப்போரின் நிலையோ மாறவில்லை. பிரித்தானியர் ஆட்சியில் 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டு, 1833இற் கறுவா மீதான அரசின் தனியுரிமையும் நீங்கிய பின்னரே அக்கட்டாய ஊழியம் ஓய்ந்தது. இன்று கொழும்பிலே செல்வர் வாழும் பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்பது பெயர். அங்கே மாளிகைகள் உண்டு. பட்டை உரித்த கைகளுக்கு ஒரு நினைவுக் கல் உண்டோ?

நம் வீட்டுக் குற்றம்

அந்நியரைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. நம் வைத்திய மரபும் அறிவைப் பூட்டி வைத்த மரபே. யாழ்ப்பாண மன்னர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் நெடுங்காலம் ஏடுகளாகச் சில குடும்பங்களின் பரணிற் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அச்சேறின. தந்தை மகனுக்கு மட்டும் ஓதிய கைமுறைகள் எத்தனையோ, மகனில்லாத தந்தையோடு சுடலைக்குப் போயின.

பிரசவ அறையிலே தாயையும் சேயையும் காத்த மருத்துவிச்சியை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அப்பெண்ணுக்குச் சரக்கின் அளவும் தெரியும், பத்தியத்தின் காலமும் தெரியும். ஆயினும் அவளிடம் கேட்டு எழுதிய ஏடு ஒன்றையேனும் நாம் கண்டதில்லை. படிக்கும் உரிமை மறுக்கப்பட்டவளின் அறிவு எழுத்தில் ஏறாதிருந்தது தற்செயலன்று.

இங்கு ஒரு மாறுபட்ட முயற்சியையும் குறிப்பிடல் வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தை 1864 முதல் தமிழிலேயே போதித்தார். சமயம் பரப்பும் நோக்கோடு வந்தவரே அவர். எனினும், மக்களின் மொழியிற் சொல்லப்படாத அறிவு மக்களுக்கு உதவாது என்ற உண்மையைச் செயலிற் காட்டினார். சுதேச வைத்தியத்துக்குக் கொழும்பில் 1929இற் கல்லூரி தோன்றியது. 1961இல் ஆயுர்வேதச் சட்டம் வந்தது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவக் கற்கை தொடங்கியது. பூட்டிய பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கலாயின.

சந்தையின் காலம்

இன்று மூலிகை மீண்டும் பண்டமாகியுள்ளது. 1995இல் மஞ்சளாற் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையம் காப்புரிமை பெற்றது. நம் பாட்டிமார் யாவரும் அறிந்த ஒன்று தனியுடைமையாயிற்று. இந்தியாவின் அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து வாதாடியது. பழைய நூல்களும் 1953இல் வெளியான ஓர் இந்திய மருத்துவ ஏட்டுக் கட்டுரையும் சான்றாக வைக்கப்பட்டு, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. கவனியுங்கள்: அங்கே வென்றது அச்சிலிருந்த சான்று. எழுதப்படாத பாட்டியின் சொல் அம்மன்றில் ஏறியிராது.

நம் நாட்டிலும் 2019இன் இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டதும், 2020இல் அதன் விலை ஏழையின் கைக்கெட்டாது உயர்ந்தது. பாக்குநீரிணையூடாக மஞ்சள் மூட்டைகள் கள்ளமாகக் கடத்தப்பட்டன. அதே ஆண்டு டிசெம்பரிற் கொவிட் தொற்றுக்கு மருந்தெனச் சொல்லப்பட்ட ஒரு பாணியைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அதனை அருந்திக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த சனவரியில் தொற்றுக் கண்டது. மக்களின் அச்சத்தை முதலாக்கும் இத்தகைய வித்தைகளுக்கும் மக்களின் அறிவுக்கும் உறவில்லை. ஈசுவரமூலி, ஆடுதின்னாப்பாளை முதலியன நெடுங்காலம் மருந்தாக வழங்கியவையே. ஆயினும் அவற்றிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பது, புற்றுநோயும் விளைப்பது என்பதை இன்றைய ஆய்வு நிறுவியுள்ளது. பழையது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது. சோதனையிற் பிறந்த அறிவு சோதனைக்கு அஞ்சவும் கூடாது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு என்றே கருதுகின்றோம். பாடசாலை வளவில் ஒரு மூலிகைப் பாத்தி அமைப்பது எளிது. செடியருகே அதன் தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் தாவரவியற் பெயரையும் எழுதி வைப்பதும் எளிதே. அதனினும் முதன்மையான பணி, ஊரிலே முதிர்ந்த பெண்களிடமும், வேர் பிடுங்கிச் சந்தைக்குக் கொணர்வோரிடமும், முன்னாள் மருத்துவிச்சிகளிடமும் மாணவரை அனுப்பி, அவர்கள் அறிந்ததைக் கேட்டெழுதச் செய்வதாகும். எழுதும்போது சொன்னவரின் பெயரை, அவர் இசைவோடு, அப்பக்கத்தின் தலைப்பிலே எழுதுவோம். இட்டி அச்சுதனுக்கு 1675இல் ஓர் அந்நியர் செய்த அச்சிறு நீதியை நம்மவர்க்கு நாமே செய்வதற்கு இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது?