ஒரே ஒளி, இரண்டு வட்டுகள்



நம் தோட்டங்களுக்கு வீடியோ வந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எண்பதுகளில் லயத்தில் யாரேனும் ஒருவர் வீட்டில் அந்தக் கருவி இருந்தால் போதும். சம்பள நாள் இரவில் வாசல் வரை கூட்டம் நிற்கும். பட்டணத்துக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த நாடா ஓடும். சிறுவர்களாகிய நாங்கள் முன்வரிசையில் பாய் விரித்து இடம் பிடிப்போம். அதே நேரத்தில், இன்னொரு வீட்டில் மாதத் தவணைக்கு வாங்கிய கருவி ஒன்று மூலையில் துணி போர்த்திக் கிடந்ததும் நமக்கு நினைவிருக்கிறது. அது பழுதாகவில்லை. அதற்குள் நுழையும் நாடா கடையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தவணையை மட்டும் மாதந்தோறும் கட்ட வேண்டியிருந்தது.

நல்ல கருவி ஏன் வீணாயிற்று? இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. அதே வரலாறு, உயர் தெளிவுப் பட வட்டுகளின் காலத்தில், 2006 முதல் 2008 வரை மீண்டும் ஒருமுறை நடந்தது. அதையே இன்று காண்போம்.

முதலில் நாடாவின் கதை. 1975இல் ஜப்பானின் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்னும் வீடியோ நாடாவை வெளியிட்டது. மறு ஆண்டே, அந்நாட்டின் ஜேவிசி நிறுவனம் விஎச்எஸ் என்னும் வேறு வகை நாடாவைக் கொண்டுவந்தது. ஒன்றின் நாடா மற்றதன் கருவியில் நுழையாது. பீட்டாவின் படம் சற்றுத் தெளிவானது என்று பலரும் கூறினர். ஆனால், முதல் பீட்டா நாடா ஒரு மணி நேரமே ஓடிற்று. விஎச்எஸ் இரண்டு மணி நேரம் ஓடிற்று. ஒரு திரைப்படத்தை ஒரே நாடாவில் அடக்க எது உதவும் என்று சொல்லவும் வேண்டுமோ? ஜேவிசி தன் நாடாவைச் செய்யும் உரிமையை மற்ற நிறுவனங்களுக்கும் தாராளமாக வழங்கியது. கருவிகள் பெருகின, வாடகைக் கடைகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. 1988இல் சோனியே விஎச்எஸ் கருவி செய்யத் தொடங்கியது.

இந்தப் பாடம் ஒருமுறை நன்றாகவே பயன்பட்டது. தொண்ணூறுகளின் நடுவில், திரைப்படத்தை வட்டில் பதிக்கச் சோனியும் பிலிப்ஸும் ஒரு முறையை வகுத்தன. தோஷிபாவும் அதன் கூட்டாளிகளும் வேறு முறையை வகுத்தனர். மீண்டும் ஒரு சண்டை மூள இருந்தது. ஐபிஎம் முதலான கணினி நிறுவனங்கள் தலையிட்டு, இரண்டையும் ஏற்கமாட்டோம், ஒன்றாக்கிக்கொண்டு வாருங்கள் என்று உறுதியாக நின்றன. 1995இல் இரு தரப்பும் இணங்கின. அப்படிப் பிறந்ததுதான் நாம் அறிந்த டிவிடி. ஒரு நிறுவனத்தின் கருவிக்காக வாங்கிய வட்டு மற்ற நிறுவனங்களின் கருவியிலும் ஓடிற்று. வாங்கியவர் எவரும் ஏமாறவில்லை.

பத்தாண்டுக்குப் பின் அந்த ஒற்றுமை ஏன் குலைந்தது? அதை அறிய, வட்டு வேலை செய்யும் விதத்தைச் சிறிது பார்ப்போம்.

வட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் வரிசையாக உள்ளன. லேசர் ஒளி அவற்றின் மீது பட்டுத் திரும்பும்போது, கருவி அவற்றைப் படிக்கிறது. பள்ளியில் நாம் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதினால் பத்து வரிகளில் இடம் நிறைந்துவிடும். அதே அளவுத் தாளில் கூரிய பென்சிலால் எழுதினால் பல மடங்கு எழுதலாம் அல்லவா? ஒளியும் அப்படித்தான். டிவிடியைப் படிக்கும் சிவப்பு ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். அதைக்காட்டிலும் குறுகிய ஒளி கிடைத்தால் குழிகளைச் சிறிதாக்கி, அதே 12 சென்டிமீட்டர் வட்டில் மிகுதியாகப் பதிக்கலாம்.

அந்தக் கூரிய பென்சில் தொண்ணூறுகளில் கிடைத்தது. ஜப்பானின் ஷூஜி நகமுரா, நிச்சியா என்னும் நிறுவனத்தில் பணியாற்றியபோது 1993இல் பிரகாசமான நீல ஒளி விளக்கை உருவாக்கினார். அதன் வழியே நீல லேசரும் வந்தது. இந்த நீல விளக்குக்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. புதிய வட்டுகளுக்குப் பயன்பட்ட நீல ஊதா ஒளியின் அலைநீளம் 405 நானோமீட்டர்.

2002 பிப்ரவரியில் சோனி, மாட்சுஷிட்டா, பிலிப்ஸ் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் புளூ-ரே வட்டை அறிவித்தன. அதே ஆண்டில் தோஷிபாவும் என்இசியும் தங்கள் முறையை முன்வைத்தன. அது பின்னர் எச்டி டிவிடி எனப் பெயர் பெற்றது. இரண்டுக்கும் ஒளி ஒன்றே. இரண்டும் 1080 கோடுகள் கொண்ட தெளிவான படத்தையே தந்தன. வேறுபாடு வட்டின் அமைப்பில் இருந்தது. குழிகளை மூடும் காப்புப் படலம் எச்டி டிவிடியில் 0.6 மில்லிமீட்டர், டிவிடியிலும் அதே அளவுதான். ஆகவே, டிவிடி செய்யும் இயந்திரங்களைச் சிறிது மாற்றிக் குறைந்த செலவில் அதனைச் செய்ய முடிந்தது. புளூ-ரேயில் அந்தப் படலம் 0.1 மில்லிமீட்டரே. ஒளியை இன்னும் நுண்ணிதாகக் குவிக்க அது உதவியது. அதனால் ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட் அடங்கிற்று. எச்டி டிவிடியில் 15 மட்டுமே. ஆனால், புதிய இயந்திரங்கள் தேவைப்பட்டன. மெல்லிய படலம் கீறினால் பதிவு கெடும் என்பதால், கடினமான மேற்பூச்சும் வேண்டியிருந்தது. ஒன்றில் சிக்கனம், மற்றதில் கொள்ளளவு. இரண்டிலும் நியாயம் இருந்தது.

2005இல் இரு தரப்பும் பேசிப்பார்த்தன. எந்த அமைப்பை ஏற்பது என்பதில் பேச்சு முறிந்தது. அந்தப் படலத்தின் பின்னால் பெரும்பணமும் இருந்தது. எவருடைய முறை நிலைக்கிறதோ, அவருக்கே உலகெங்கும் விற்கும் வட்டுகளிலிருந்து உரிமைத்தொகை வரும்.

2006 வசந்தத்தில் எச்டி டிவிடி கருவி கடைக்கு வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 499 டாலர். சில வாரங்களில் வந்த முதல் புளூ-ரே கருவியின் விலை 999 டாலர். விலையை மட்டும் பார்த்தால் தோஷிபாவே வென்றிருக்க வேண்டும். ஆனால், அவ்வாண்டு நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள் புளூ-ரேயையும் வைத்து விற்றது. விளையாட்டுக்காக வாங்கிய வீடுகளிலெல்லாம் புளூ-ரேயும் கூடவே நுழைந்தது. மேலும், பீட்டா தோல்வியில் சோனி ஒன்று கற்றிருந்தது. படம் இல்லாத கருவி வெறும் பெட்டி. 1989இலேயே அது கொலம்பியா படநிறுவனத்தை வாங்கியிருந்தது. டிஸ்னியும் ஃபாக்ஸும் அதன் பக்கம் நின்றன. யுனிவர்சலும், 2007 ஆகஸ்ட் முதல் பாரமவுண்டும் தோஷிபாவின் பக்கம் நின்றன. வார்னர் மட்டும் இரண்டிலும் படம் வெளியிட்டது.

பொதுமக்கள் திகைத்தனர். ஒரு படம் இதில் கிடைக்கும், மற்றொன்று அதில் கிடைக்கும். பலர் எதையும் வாங்காமல் காத்திருந்தனர். 2007 இறுதியில் எச்டி டிவிடி கருவி 100 டாலருக்கும் குறைவாக விற்றபோது கூட்டம் அலைமோதியது. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள் அவர்கள். அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் மூன்று நான்கு மாதம்தான்.

2008 ஜனவரி 4ஆம் நாள், இனிப் புளூ-ரே மட்டுமே என்று வார்னர் அறிவித்தது. தராசு ஒரே நாளில் சாய்ந்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸும் வால்மார்ட் கடைகளும் எச்டி டிவிடியைக் கைவிட்டன. பிப்ரவரி 19ஆம் நாள் தோஷிபா தன் தோல்வியை ஒப்புக்கொண்டது. 2009இல் அதுவும் புளூ-ரே சங்கத்தில் சேர்ந்தது. வென்றவனும் தோற்றவனும் ஒரே சபையில் அமர்ந்தனர். வாங்கியவர் கதி? அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் தம்மிடம் எச்டி டிவிடி கருவி வாங்கியோருக்கு 50 டாலர் பரிசு அட்டை தந்தன. அத்தகைய ஆறுதலும் எல்லாருக்கும் கிட்டவில்லை.

வென்ற புளூ-ரேயும் நெடுங்காலம் முடிசூடி இருக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2007இலேயே இணையம் வழி படம் அனுப்பத் தொடங்கியிருந்தது. 2023 செப்டம்பரில் அது வட்டு அனுப்பும் தொழிலையே நிறுத்தியது. வீட்டில் பதிவு செய்யும் வெற்று புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் கைவிட்டது. திரைப்பட வட்டுகள் இன்றும் விற்பனையில் உள்ளன என்றாலும், கூட்டம் கைப்பேசியின் பக்கம் போய்விட்டது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? எந்த வட்டு சிறந்தது என்பதைவிட, யார் யாருடன் சேர்ந்தார்கள் என்பதே வெற்றியை முடிவு செய்தது. பெரிய நிறுவனங்கள் இணங்கியபோது டிவிடி எல்லாருக்கும் பயன்பட்டது. பிணங்கியபோது, நட்டத்தின் ஒரு பங்கு எளியவரின் மேல் விழுந்தது. தோஷிபா அந்த நட்டத்தைத் தாங்கிக்கொண்டு வேறு பொருள் விற்றது. மாதச் சம்பளத்தில் தவணை கட்டும் குடும்பத்துக்கு வேறு வழி ஏது?

ஆகவே, புதிய பொருள் ஒன்று வாங்கும் முன் கடைக்காரரிடம் விலையை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். இதற்கு வேண்டியவை வேறு கடையிலும் கிடைக்குமா, வேறு நிறுவனத்தின் கருவியோடும் இது சேருமா என்றும் கேளுங்கள். தெளிவான விடை வராவிட்டால் சில மாதம் பொறுங்கள். அன்று மூலையில் துணி போர்த்திக் கிடந்த கருவி, நம் பிள்ளைகளின் வீட்டிலும் கிடக்க வேண்டாம்.